ஒன்றரை மில்லிமீட்டர் தையல்

"எம் பையன் கம்ப்யூட்டர்ல காது தைக்கிறான்" என்று டெய்லரின் அப்பா சொல்லாத ஆள் ஊரில் பாக்கி கிடையாது. டிராக்டர் ஓட்டியே மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்ன வேலை பார்க்கிறான் என்று நாலு பேர் கேட்டால் நாலு வார்த்தையில் சொல்ல வேண்டாமா? மகனும் எத்தனையோ தடவை விளக்கிப் பார்த்தான்.

"அப்பா, காதைத் தைக்கல. காதுக்குள்ள மாட்டற மிஷினுக்குக் கூடு செய்யறோம். அந்தக் கூட்டோட படத்தை நான் கம்ப்யூட்டர்ல சேர்க்கறேன்."

"அதத்தான்டா நானும் சொல்றேன். காது தைக்கிறே."

அலுவலகத்திலும் அவனுக்கு அதே பேர்தான் ஒட்டிக்கொண்டது. டெய்லர். சம்பளப் பட்டியலில் இருக்கும் பேர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

அவன் வேலை இதுதான். காது கேளாதவரின் காதுக்குள் மருத்துவமனையில் பசை மாதிரி ஒன்றை ஊற்றி, இறுகியதும் உருவி எடுப்பார்கள். பார்க்க மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி இருக்கும். அந்த அச்சு இங்கே வரும். ஸ்கேனரில் ஒரு தடவை நிற்க வைத்தும், ஒரு தடவை தலைகீழாகப் போட்டும் படம் எடுப்பார்கள். திரையில் இரண்டு பாதித் தோல்கள் வந்து நிற்கும். பல்லாயிரம் குட்டி முக்கோணங்களால் பின்னிய வலைத் தோல், மெஷ் என்பார்கள். இரண்டின் ஓரமும் எலி கடித்த காகிதம் போலப் பிய்ந்து கிடக்கும். அந்த இரண்டு ஓரத்தையும் சேர்த்து, எங்கே ஒட்டினார்கள் என்று தெரியாதபடி ஒரே தோலாக்க வேண்டும். அதன்பிறகு கூட்டின் நடுவே ஒரு மெல்லிய காற்றுக் குழாயைச் செருகி, அதன் இரண்டு வாயையும் கூட்டின் இரண்டு துளைகளோடு சேர்க்க வேண்டும். துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டர். அது இல்லாவிட்டால் காது அடைத்துக்கொள்ளும். மாட்டியவருக்குத் தன் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரிக் கேட்கும்.

மென்பொருளில் இதற்கு ஒரு கட்டளை உண்டு. ஓரத்தில் உள்ள புள்ளிகள் எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் ஒன்றாக்கலாம் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். டாலரன்ஸ் என்று பேர். டெய்லர் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குதான் கொடுப்பான். அதற்குள் சேராத இடங்கள் சிவப்பாக நிற்கும். ஒவ்வொரு சிவப்பிலும் நெருங்கிப் போய், ஏன் சேரவில்லை என்று பார்த்து, காதின் வளைவு கெடாமல் முக்கோணம் முக்கோணமாகக் கையால் அடைப்பான். நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் அப்போது. ஒரு கூட்டுக்கு இருபது நிமிடம் ஆகும். ஒன்பது வருடத்தில் அவன் சேர்த்த கூடு ஒன்றுகூட ஓரம் உறுத்துகிறது என்று திரும்பி வந்ததில்லை.

இந்த இருபது நிமிடம்தான் புது மேனேஜரின் கண்ணை உறுத்தியது.

மேனேஜர் மெத்தை விற்பனையிலிருந்து வந்தவர். மெத்தை விற்பது மட்டமான வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் காதுக்குள் போகும் பொருளையும் முதுகுக்கு அடியில் போகும் பொருளையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. வந்த மாதமே சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டினார். எந்த மேஜையில் எத்தனை நிமிடம் என்று அதில் எழுதியிருக்கும். டெய்லரின் மேஜைக்கு நேராக இருபது என்று எழுதி இரண்டு தடவை வட்டம் போட்டிருந்தார்.

ஒரு நாள் காலை, டெய்லரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர் கூப்பிட்டார்.

"டெய்லரே, வாங்க, வாங்க. இதைப் பாருங்க. மூணே நிமிஷம். நீங்க இருபது நிமிஷம் என்னதான் பண்றீங்க? காஜா எடுக்கறீங்களா?"

"சார், டாலரன்ஸ் எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"ஒன்றரை மில்லி. அதுக்குக் கீழ வெச்சா ஒரே சிவப்பா காட்டுது."

"சிவப்பு காட்டறது நல்லதுக்குத்தான் சார். அங்க வந்து பாருடான்னு கூப்பிடுது."

"கூப்பிடற இடத்துக்கெல்லாம் போயிட்டிருந்தா விடிஞ்சிடும். இங்க பாருங்க, பச்சை டிக். திறந்த ஓரம் பூஜ்யம். மென்பொருளே சரின்னு சொல்லுது, நீங்க யாரு வேண்டாங்கறதுக்கு?"

"ஒன்றரை ரொம்பப் பெரிசு சார். காத்துத் துளையே ஒரு மில்லிதான். அப்படி வெச்சா..."

"எதுக்கெடுத்தாலும் ஒரு ஆனா, ஒரு அப்படின்னா. படிச்சவங்களோட தொல்லையே இதுதான்ப்பா."

அந்த வாக்கியத்தை மட்டும் முடிக்க விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒன்றரை என்று வைத்தால், துளையின் வாய் வளையத்தில் எதிரும் புதிருமாக இருக்கும் புள்ளிகள்கூட ஒன்றரை மில்லிக்குள்தான் இருக்கும். கட்டளை அவற்றையும் பிடித்து ஒன்றாகச் சுருக்கிவிடும். துளை தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும். மென்பொருளின் கணக்கில் திறந்த ஓரம் என்றால் குறை, மூடிய ஓரம் என்றால் நிறைவு. எனவே துளை செத்தாலும் பச்சை டிக்தான் விழும். இதை ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தைப் பலகையில் எங்கே எழுதுவது என்று மேனேஜருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

அன்றே டெய்லரை முன்பக்க மேஜைக்கு மாற்றினார்கள். வரும் அச்சுகளைக் கழுவித் துடைத்து லேபிள் ஒட்டுகிற வேலை. இன்ஜினியரிங் படித்தவன் கையில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும். அவனுடைய பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் அந்த மென்பொருளுக்கு உரிமம் இருந்தது. அதனால் தினமும் காலையில் மேனேஜரே காபியோடு வந்து அதில் உட்கார்ந்து, டெய்லரின் லாகினிலேயே நுழைந்து, வரிசையாகப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போவார். அவசரத்துக்குத் தேவைப்படும் என்று கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி விசைப்பலகைக்கு அடியில் ஒட்டச் சொன்னவரும் அவரேதான்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் மதியம் சாப்பிடும் மேஜையில் பிரிண்ட் அக்கா வந்து பொத்தென்று உட்கார்ந்தார். டெய்லர் சேர்த்துக் கொடுக்கும் கூட்டை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிசினால் வார்த்து எடுப்பது இந்த அக்காவின் வேலை. நல்ல மனசு, பெரிய குரல்.

"தம்பி, இந்தப் பிசின்காரன் நம்மளை நல்லா ஏமாத்தறான்ப்பா. மூணு வாரமா எந்தக் கூட்டை எடுத்தாலும் துளை அடைச்சிருக்கு. கம்பியை விட்டுக் குத்திக் குத்தி எங்கை மரத்துப் போச்சு."

"பிசின் அடைக்குதா அக்கா?"

"வேற என்ன? சார்கிட்ட சொன்னேன். பிசினை மாத்துன்னாரு. ரெண்டு தடவை மாத்திட்டேன். குத்தினா உள்ளேருந்து இறுகாத பச்சைப் பிசின் சொர்ருனு மூஞ்சில அடிக்குது. சிலது குத்தவே மாட்டேங்குது. அதை அப்படியே அனுப்பிட்டேன், போ."

டெய்லர் சாப்பிட்ட கையைக் கழுவக்கூட இல்லை. "எங்க, ஒண்ணு காட்டுங்க" என்று எழுந்தான்.

அக்கா அச்சு இயந்திரத்தின் பக்கத்திலிருந்து ஒரு கூட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். துளை இருக்க வேண்டிய இடத்தில் தோல் உள்ளே இழுத்துச் சுருங்கி, குழந்தையின் தொப்புள் மாதிரி இருந்தது. ஒரே பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. பிசின் ஒரு பாவமும் செய்யவில்லை. வரைபடத்திலேயே துளை மூடியிருக்கிறது. இரண்டு முனையும் மூடிய குழாய்க்குள் மாட்டிக்கொண்ட பிசின் வெளியே வர வழி தெரியாமல் அக்காவின் முகத்தில் பாய்ந்திருக்கிறது. படத்திலேயே துளை மூடிவிட்டது என்று வேறு யாருக்கு வேண்டுமானாலும் தோன்றியிருக்கும். பிசினையே பழகிய கைக்குப் பிசின்தான் தோன்றும். அக்காவைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

அவன் மேனேஜர் அறைக்குப் போனபோது அவர் மேஜையில் ஒரு அட்டைப்பெட்டி திறந்து கிடந்தது. மருத்துவமனை திருப்பி அனுப்பிய பதினாறு கூடுகள். பக்கத்தில் ஒரு கடிதம், தட்டச்சு செய்து தயாராக.

"நல்ல வேளை, நீங்களே வந்தீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஏழே வரிகள். நாலாவது வரியில் அவன் கண் நின்றது. "போதிய தகுதியற்ற ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் இத்தவறு நேர்ந்தது." கீழே, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, அவனுடைய முழுப்பேர். யாருக்கும் தெரியாத பேரை இதற்கு மட்டும் தேடிக் கண்டுபிடித்திருந்தார்கள்.

"சார், இதுல ஒண்ணுகூட நான் சேர்த்தது இல்லை. அந்த மூணு வாரமும் நான் வெளியில அச்சு கழுவிட்டிருந்தேன்."

"ஃபைல்ல யார் பேரு இருக்கு? வந்து பாருங்க. எல்லாத்துலயும் உங்க பேருதான்."

"அது லாகின் பேரு சார். உட்கார்ந்தது நீங்க."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன், எப்படித் தெரியும்? சொன்னாத்தானே தெரியும்?"

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, மெத்தைக் கடையில் தள்ளுபடி சொல்லும் குரலுக்கு மாறினார். "இங்க பாருங்க. சும்மா ஒரு கையெழுத்து. உங்களை யாரும் வேலையை விட்டுத் தூக்கப் போறதில்லை. நான் இருக்கேன்ல? நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மேடமே நேர்ல வர்றாங்க. கடிதத்தைக் கையில கொடுத்தோமா, முடிஞ்சுதா."

"போடலைன்னா?"

"போடலைன்னா நாளைக்கு எதுக்கு வரணும், சொல்லுங்க?"

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டான். காது இரண்டும் கொதித்தன. கவனக்குறைவு என்று எழுதியிருந்தால்கூட ஒரு வேளை பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருப்பான். மனிதன் செய்யாததா அது? ஆனால் தகுதியற்றவனாம். யாருக்குத் தகுதி இல்லை? விடுதியில் ஆறு பேர் இருக்கும் அறையில், மற்றவர்கள் தூங்கக் காத்திருந்து மாடிப்படி விளக்கில் கணிதம் படித்தவனுக்கா? வாயிலே ஆங்கிலம் வராமல் முதல் வருடம் முழுக்கப் பின் பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்து, ஐந்து பாடத்தில் கோட்டை விட்டு, ஐந்தையும் திரும்ப எழுதித் தேறியவனுக்கா? ஒன்பது வருடமாகச் சேர்த்த ஓரங்களை எல்லாம் நீளவாக்கில் போட்டால் ஊருக்கே போய்ச் சேரும். பொத்தானை அமுக்கிவிட்டு மீசையில் ஒட்டிய காபியைத் துடைக்கிறவர் எழுதுகிறார், தகுதியற்றவன் என்று!

வீட்டுக்கு வந்ததும் கடிதத்தை மனைவியிடம் நீட்டினான். மருந்துக் கடையில் வேலை செய்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவளுக்குத் தட்டச்சு எம்மாத்திரம். நின்றபடியே படித்து முடித்தாள்.

"போட்டுட்டு வந்துட்டீங்களா, இல்ல போடப் போறீங்களா?"

"ரெண்டும் இல்லை."

"அப்ப சரி. எதுக்குங்க மூஞ்சியை இப்படி வெச்சிருக்கீங்க?"

"போடலைன்னா வராதேங்கறாரு."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இன்னொரு தடவை நாலாவது வரியை மட்டும் படித்தாள்.

"வேலை போனா வேற தேடலாம். கஷ்டம்தான், ஆனா தேடலாம். இதுல கையெழுத்தைப் போட்டுட்டு வேற எங்க போய் நிப்பீங்க? காதுக் கூடு செய்யற இடம் இங்க மொத்தமே நாலு. நாலுக்கும் அந்த ஒரே ஆஸ்பத்திரிதான் ஆர்டர் கொடுக்குது. முன்னாடி இருந்த இடத்துல என்னப்பா ஆச்சுன்னு கேப்பாங்க. தகுதி இல்லைன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேங்கன்னு சொல்லுவீங்களா?"

  அந்த நேரம் பார்த்து அப்பா போன் செய்தார். உரம் வந்ததா, மழை வந்ததா என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டார்: "காது வேலை எல்லாம் எப்படிடா போகுது?"

"நல்லா போகுதுப்பா" என்றான். பொய் சொன்னதற்கும் சேர்த்து மேனேஜர் மேல் கோபம் வந்தது.

மறுநாள் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி மேடம் சொன்னபடி வந்தார். நோயாளிகளின் காதில் கூட்டைப் பொருத்திப் பார்த்து அனுப்புகிறவர் அவர்தான். சிரிப்பு என்ற பேச்சே இல்லை.

"பதினாறு பேரு. அதுல ஒரு டீச்சர், வகுப்புல பாடம் எடுக்க முடியாம மிஷினைக் கழட்டி டிராயர்ல போட்டுட்டாங்க. இந்த மாதிரி இருக்கறதுக்குக் கேக்காம இருக்கறதே மேல்னு எங்கிட்ட சொல்றாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"தப்பு நடந்திருச்சு மேடம். செஞ்ச ஆளே எழுதிக் கொடுத்திருக்காரு" என்று மேனேஜர் டெய்லரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

டெய்லர் கடிதத்தை மேஜையில் வைத்தான். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. மேனேஜர் அதைப் பார்ப்பதற்குள் அவன் பேச ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், ரெண்டே நிமிஷம். ஒண்ணு காட்டணும்."

"டெய்லரே, மேடத்துக்கு நேரம் இல்லை."

"இதுக்குத்தானே வந்திருக்கேன். காட்டுங்க" என்றார் மேடம், எழுந்தபடியே.

மூன்று வாரத்துக்குப் பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்தான். டீச்சரின் கூட்டைத் திறந்தான். குழாய் இன்னும் சேர்க்கப்படாத பழைய நிலைக்குப் போனான். துளையின் வாய் வட்டமாகத் தெரிந்தது. எண்ணை ஒன்றரை என்று போட்டுக் கட்டளையைக் கொடுத்தான். வட்டம் கண் எதிரே இழுத்துக் கட்டிய சுருக்குப்பை மாதிரி ஒரே புள்ளியாகிவிட்டது. மூலையில் பச்சை டிக். திரும்ப அவிழ்த்தான். இருபதில் ஒன்று என்று போட்டான். வட்டம் வட்டமாகவே நின்றது. அதைச் சுற்றி மூன்று இடத்தில் சிவப்பு.

"இந்த சிவப்பு என்ன? தப்பா?" என்று கேட்டார் மேடம்.

"இல்லை மேடம். அந்த மூணு இடத்தை மனுஷன் பாத்து சேர்க்கணும்னு அர்த்தம். பச்சையைப் பாத்து ஏமாந்துட்டோம்."

"ஒன்றரைன்னு யாரு வெச்சது?"

 டெய்லர் வாயைத் திறப்பதற்குள், கையில் பிசின் வழியும் கையுறையோடு வாசலில் நின்றிருந்த பிரிண்ட் அக்காவின் குரல் வந்தது.

"சார்தான் மேடம். தினமும் காலையில காபி குடிச்சுக்கிட்டே அமுக்குவாரு. ரொம்ப வேகமா அமுக்குவாரு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. இந்தத் தம்பி பாவம், வெளியில அச்சுக்குப் பல் விளக்கிட்டிருந்துச்சு."

மேனேஜரின் முகத்தில் எத்தனையோ நிறம் வந்து போயிற்று. பச்சை மட்டும் வரவில்லை. இருமினார். கண்ணாடியைத் துடைத்தார். "மென்பொருள்ல ஏதோ கோளாறு மேடம். இப்பத்தான் தெரியுது. அப்படியே எழுதிக் கொடுத்துடறேன்."

"கோளாறு இல்லை சார்" என்றான் டெய்லர். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "அது சொன்னதைச் செஞ்சுது. ஒன்றரைக்குள்ள இருக்கறதை எல்லாம் சேருன்னு சொன்னீங்க, சேர்த்துது. நேத்து என் மேல போட்டீங்க, இன்னிக்கு அது மேல போடறீங்க. எண்ணை யாரு வெச்சாங்கன்னு எழுதுங்க."

மேடம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க சண்டையை நீங்க பாத்துக்குங்க. கடிதத்துல என்ன வேணா எழுதுங்க. எனக்குப் பதினாறும் துளையோட வேணும், அடுத்த வெள்ளிக்கிழமை. இவர்தான் சேர்க்கணும். நீங்க பொத்தானைத் தொடக்கூடாது." மேனேஜர் அறையிலிருந்த பெட்டியை எடுத்து வந்து அவன் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவ்வளவுதான் கிடைத்த நியாயம். மூன்று வாரம் அச்சு கழுவினதற்கு ஒரு மன்னிப்பு உண்டா? கிடையாது. மதியத்துக்குள் புதுக் கடிதம் தயாராகிவிட்டது. மென்பொருள் கோளாறு என்றே எழுதியிருந்தது. பாவம், வாயில்லாத மென்பொருள், அதுவாவது வந்து மறுக்கவா போகிறது? "உன் பேரு இல்லல்ல தம்பி, விடு" என்றார் பிரிண்ட் அக்கா. விட முடியவில்லை அவனால். பழைய கடிதத்தை மேனேஜர் மேஜைக்கே எடுத்துப் போனான்.

"இதைக் கிழிங்க சார்."

"நான் எதுக்கு? குப்பையில போடுங்க, போச்சு."

"தட்டச்சு செஞ்சது நீங்க. கிழிக்கறதும் நீங்களே கிழிங்க. அப்புறம்தான் முதல் கூட்டைத் தொடுவேன்."

வெள்ளிக்கிழமை என்ற வார்த்தை மேனேஜரின் முகத்தில் ஓடியது. இரண்டாகக் கிழித்தார். டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நாலாகக் கிழித்தார். நாலாவது வரி எந்தத் துண்டில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, அதை இன்னும் இரண்டாகக் கிழிக்கச் சொன்னான். கிழித்தார்.

பிறகு தன் மேஜைக்கு வந்து விசைப்பலகையைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தான். கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தைத் திறந்தான். முதுகுக்குப் பின்னால் மேனேஜர் வந்து நிற்பது தெரிந்தது.

"என்னப்பா பண்றீங்க?"

"பேரைப் பூட்டறேன் சார். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"என் ஆபீஸ், என் கம்ப்யூட்டர், நான் திரும்பி நிக்கணுமா?"

"உள்ள போய்ச் செய்யற ஒவ்வொண்ணுலயும் எம்பேரு விழுது சார். திரும்புங்க."

பக்கத்து மேஜைகளில் வேலை நின்றுவிட்டது. மேனேஜர் திரும்பினார். டெய்லர் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். பிரிண்ட் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் கையுறையால் வாயைப் பொத்தி, உதடெல்லாம் பிசின் ஆகிவிட்டது.

"ஆச்சா?" என்றார் மேனேஜர், சுவரைப் பார்த்தபடி.

"ரெண்டாவது தடவையும் அடிக்கச் சொல்லுது சார். இன்னும் திரும்பாதீங்க."